வீட்டு அலுவலகத்துக்கு எந்தப் பிரிண்டர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு மூலையில் மேசை போட்டுக் கணக்கு எழுதுபவர்கள், டியூஷன் எடுப்பவர்கள், ஆன்லைனில் புடவை விற்பவர்கள், வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் பிரிண்டர் வாங்கும் முன் கேட்கிற கேள்விகள் இவை. பிரிண்ட், ஸ்கேன், ஜெராக்ஸ் மூன்றையும் செய்யும் மெஷின்களைப் பற்றி மட்டும் பேசுகிறோம். விலை மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால், ரூபாயில் சொல்லியிருப்பதெல்லாம் உத்தேசக் கணக்குதான்.

முதலில் ஒன்று: பிரிண்டர் வாங்கத்தான் வேண்டுமா?

மாதம் இருபது முப்பது பக்கம்தான் என்றால் வேண்டாம். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பிரிண்டுக்கு ஐந்து ரூபாய், பத்து ரூபாய் வாங்கினாலும் ஒரு வருடச் செலவு பிரிண்டர் விலையைத் தொடாது. எப்போதாவது வரும் ஸ்கேனுக்குப் போன் கேமராவே போதும்.

ஆனால் காசை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாத வேலைகள் இருக்கின்றன. வாடிக்கையாளரின் பான் கார்டு, ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் கடைக்காரரின் வாட்ஸப்புக்கு அனுப்பித்தான் அங்கே பிரிண்ட் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு அந்தக் கோப்பு அவர் கம்ப்யூட்டரிலேயே கிடக்கும். அடுத்தவர் ஆவணங்களைக் கையாளும் தொழில் உங்களுடையது என்றால், பக்கம் குறைவாக இருந்தாலும் வீட்டில் ஒரு மெஷின் இருப்பது நல்லது.

ஆல்-இன்-ஒன், மல்டிஃபங்ஷன் இரண்டும் வேறு வேறா?

ஒன்றுதான். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறுகிறது. சிலவற்றில் ஃபேக்ஸும் இருக்கும், அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

நாலாயிரம், ஐந்தாயிரத்துக்கே பிரிண்டர் கிடைக்கிறது. எதற்குப் பதினாலாயிரம் கொடுக்க வேண்டும்?

அந்த ஐந்தாயிரம் ரூபாய் மெஷின் கார்ட்ரிட்ஜ் போடுகிற வகை. அதில் மெஷின் மலிவு, மை விலை அதிகம். உதாரணத்துக்கு எச்பியின் 680 கார்ட்ரிட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். கருப்பு 480 பக்கம் வரும், கலர் 150 பக்கம்தான் வரும் என்று கம்பெனியே சொல்கிறது. ஒரு கார்ட்ரிட்ஜ் 900 ரூபாய் என்று வைத்தால் கருப்புப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு, கலர் பக்கத்துக்கு ஆறு ரூபாய் ஆகிறது.

பதினாலாயிரம் ரூபாய் மெஷின் இங்க் டேங்க் வகை. பாட்டிலிலிருந்து மையைத் தொட்டியில் ஊற்றிக்கொள்ளலாம். எப்சனின் 003 கருப்பு பாட்டில் 65 மில்லி, 4500 பக்கம் வரும். பாட்டில் 400 ரூபாய் என்றால் பக்கத்துக்கு ஒன்பது பைசா. இங்கே ஒரு வேடிக்கை: ஐந்நூறு தாள் ரீம் 280 ரூபாய் என்றால் வெறும் தாளே 56 பைசா. டேங்க் பிரிண்டரில் மையைவிடத் தாளுக்குத்தான் செலவு.

உடனே டேங்க்தான் எல்லோருக்கும் லாபம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டு மெஷினுக்கும் விலை வித்தியாசம் ஒன்பதாயிரம். வெறும் கருப்பு எழுத்து மட்டும் அடிப்பவருக்கு அந்த ஒன்பதாயிரம் திரும்பி வர ஏறக்குறைய ஐயாயிரம் பக்கம் ஆகும். மாதம் நூறு பக்கம் அடித்தால் நாலு வருடம்! கலர் என்றால் கதை வேறு, ஆயிரத்து ஐந்நூறு பக்கத்திலேயே கணக்கு நேராகிவிடும். ஆகவே மாதம் எத்தனை பக்கம், அதில் எத்தனை கலர் என்ற இரண்டு எண்களும் தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள். ஜெராக்ஸ் கடையில் போன மூன்று மாதம் என்ன செலவானது என்று யோசித்தாலே உத்தேசமாக வந்துவிடும்.

டேங்க் பிரிண்டர்கள் வந்த கதையும் இந்தக் கணக்கோடு சேர்ந்ததுதான். கார்ட்ரிட்ஜ் விலை தாங்காமல், கடைக்காரர்களே பிரிண்டருக்கு வெளியே மை டப்பாவை வைத்துக் குழாய் சொருகி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எப்சன் 2010-இல் இந்தோனேசியாவில் அதையே கம்பெனித் தயாரிப்பாக இறக்கியது. கேனன், எச்பி, பிரதர் எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தன.

பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கையை நம்பலாமா?

ஒரு மெஷினை இன்னொன்றோடு ஒப்பிட நம்பலாம். அப்படியே உங்கள் வீட்டில் வரும் என்று நம்ப வேண்டாம். ஐஎஸ்ஓ தரப்படி குறிப்பிட்ட சில மாதிரிப் பக்கங்களைத் தொடர்ந்து அச்சடித்து எடுக்கும் எண் அது. நீங்கள் அடிப்பது கருப்புப் பட்டையோடு கூடிய லெட்டர்ஹெட், பக்கம் முழுக்க நிரம்பிய கேள்வித்தாள் என்றால் குறையும். தவிர, புது டேங்க் மெஷினில் முதல் தடவை ஊற்றும் மையில் ஒரு பகுதி குழாயையும், தாளில் மையைத் தெளிக்கும் ஹெட்டையும் நிரப்பவே போய்விடும். முதல் பாட்டில் சீக்கிரம் தீர்ந்ததே என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

சரி, இங்க் டேங்கா, லேசரா?

எத்தனை பக்கம் என்பதோடு, இரண்டு பிரிண்டுக்கு நடுவில் எத்தனை நாள் இடைவெளி என்பதையும் பாருங்கள். கடையில் இதை யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் முதல் கேள்வியே இதுதான்.

லேசரில் இருப்பது டோனர் என்னும் தூள். அது காயாது. மூன்று மாதம் ஊருக்குப் போய்த் திரும்பி வந்து பட்டனை அழுத்தினாலும் முதல் பக்கம் பளிச்சென்று வரும். டேங்கில் இருப்பது திரவ மை. நிறுத்தி வைத்தால் ஹெட்டின் நுண்துளைகளில் காயும்.

கணக்கர், வரி ஆலோசகர், வக்கீல் குமாஸ்தா வேலை போன்றவை கருப்பு எழுத்துதான். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் மாதத்தில் கட்டுக்கட்டாகப் போகும், அடுத்த மாதம் சும்மா இருக்கும். இவர்களுக்குக் கருப்பு-வெள்ளை லேசர் மல்டிஃபங்ஷன். பிரதர் டிசிபி வரிசை, எச்பி லேசர் எம்எஃப்பி வரிசைகளில் பதினைந்திலிருந்து இருபதாயிரத்துக்குள் பார்க்கலாம்.

டியூஷன் டீச்சர், சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சித்தாள் தயாரிப்பவர், ஸ்கூல் பிராஜெக்டுக்குக் கலர் படம் கேட்கும் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் டேங்க். வாரம் ஒரு தடவையாவது மெஷின் ஓடும், கலரும் வேண்டும். எப்சன் எல்3250, கேனன் ஜி3000 வரிசை, எச்பி ஸ்மார்ட் டேங்க், பிரதர் டிசிபி-டி வரிசை எல்லாம் ஒரே ரகம்தான். இவற்றில் எது என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, உங்கள் ஊரில் எந்தக் கம்பெனிக்குச் சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இருக்கிறது என்று விசாரிப்பது மேல்.

இரண்டிலும் சேராத ஒரு கூட்டம் உண்டு: மாதம் ஐம்பது பக்கம், அதில் பத்து கலர், இடையில் மூன்று வாரம் மெஷினைத் தொடவே மாட்டார்கள். டேங்க் வாங்கி ஹெட் அடைத்துக்கொண்டு அலைவது பெரும்பாலும் இவர்கள்தான். இவர்கள் லேசரை வாங்கிவிட்டு, அந்தப் பத்துக் கலர் பக்கத்தைக் கடையில் எடுக்கலாம். பட்ஜெட் இல்லையென்றால் கார்ட்ரிட்ஜ் மெஷினே கூடச் சரி. எச்பி 680 போன்ற கார்ட்ரிட்ஜ்களில் ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது. அடைத்துக்கொண்டால் கார்ட்ரிட்ஜை மாற்றினால் ஹெட்டும் புதிது.

கலர் லேசர்? வீட்டுக்கு வேண்டாம். நாலு டோனர் மாற்றும் நாளில் விலையைக் கேட்டால் மெஷின் வாங்கிய விலை ஞாபகம் வரும்.

டேங்க் வாங்கிவிட்டேன். மை காயாமல் இருக்க என்ன செய்வது?

வாரம் ஒரு முறை நாலு நிறமும் வரும் ஒரு பக்கத்தை அடியுங்கள். கருப்பு மட்டும் அடித்தால் மஞ்சளும் நீலமும் காயும். மெஷினில் உள்ள நாசில் செக் (ஹெட்டின் துளைகள் அடைத்திருக்கிறதா என்று காட்டும் கோட்டு மாதிரி) அச்சே போதும், மை கொஞ்சம்தான் போகும்.

அடுத்தது பலரும் கவனிக்காதது. வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சை அணைத்துவிடும் பழக்கம் நம் வீடுகளில் அதிகம். பிரிண்டரின் பவர் பட்டனை அழுத்தி அணைத்தால்தான் ஹெட் தன் இடத்துக்குப் போய் ரப்பர் மூடிக்குள் உட்காரும். ஹெட் நகர்ந்துகொண்டிருக்கும்போது சுவர் சுவிட்சைத் தட்டினால் அது பாதி வழியில் திறந்தபடியே நின்றுவிடும், சென்னை வெயிலில் நாலு நாளில் காய்ந்துவிடும். முதலில் பட்டன், விளக்கு முழுதாக அணைந்த பிறகு சுவிட்ச்.

கோடு விழுந்தால் ஹெட் கிளீனிங் இரண்டு மூன்று முறை கொடுத்துப் பாருங்கள். சரியாகவில்லையா, ஒரு இரவு விட்டு மறுநாள் மறுபடி ஒருமுறை. விடாமல் பத்து முறை கிளீனிங் கொடுப்பதால் மைதான் வீணாகும். அப்படியும் வரவில்லை என்றால் மெக்கானிக்தான். கேனன் ஜி வரிசையிலும் எச்பி டேங்குகளிலும் ஹெட்டைக் கழற்றி மாற்ற முடியும். எப்சன் ஹெட் நன்றாக உழைக்கும், ஆனால் அதை மாற்றுவது சர்வீஸ் சென்டர் வேலை, செலவும் கூடுதல்.

“வேஸ்ட் இங்க் பேடு நிரம்பிவிட்டது” என்று நின்றுவிட்டதே?

கிளீனிங்கில் வெளியேறும் மை எங்கே போகிறது என்று நினைத்தீர்கள்? மெஷினின் அடியில் ஒரு பஞ்சில் சேர்கிறது. எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று மெஷினே கணக்கு வைத்து, ஒரு கட்டத்தில் வேலைநிறுத்தம் செய்துவிடும். சில மாடல்களில் அந்தப் பஞ்சு தனிப் பெட்டியாக இருக்கிறது, நாமே கழற்றிப் புதிது போடலாம். அடிமட்ட மாடல்கள் பலவற்றில் உள்ளேயே இருக்கும், சர்வீஸ் ஆள் வர வேண்டும். வாங்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். சாஃப்ட்வேரால் கணக்கை மட்டும் பூஜ்யமாக்கிக் கொடுக்கும் கடைகள் உண்டு. பஞ்சை மாற்றாமல் கணக்கை மாற்றினால், மை ஒருநாள் மேசையில்தான் ஒழுகும்.

லேசரில் டோனர், டிரம் என்கிறார்களே, இரண்டும் வாங்க வேண்டுமா?

டிரம் என்பது தூளைத் தாளுக்கு மாற்றும் உருளை. தனியாக வாங்க வேண்டுமா என்பது கம்பெனியைப் பொறுத்தது. எச்பியின் பழைய 12ஏ போன்றவற்றில் டோனரும் டிரம்மும் ஒரே கார்ட்ரிட்ஜில். தூள் தீர்ந்ததும் முழுதாக மாற்றுவோம், 2000 பக்கம் வரும். பிரதரில் இரண்டும் தனித்தனி. டிசிபி-எல்2520டி மாடலில் டோனர் 2600 பக்கம், டிரம் 12,000 பக்கம். பக்கச் செலவைக் கணக்கிடும்போது டிரம் விலையையும் பன்னிரண்டாயிரத்தால் வகுத்துக் கூட்டிக்கொள்ளுங்கள். கடைக்காரர் டோனர் விலையை மட்டும்தான் சொல்வார்.

இன்னொன்று: புது லேசர் மெஷினோடு வருவது பல நேரம் முழு டோனர் இல்லை, குறைத்து நிரப்பிய ஸ்டார்ட்டர். பெட்டியில் எத்தனை பக்கம் என்று பார்த்து வாங்குங்கள்.

கம்பெனி மைதான் ஊற்ற வேண்டுமா? வேறு மை பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

டேங்கில் ஒரிஜினல் ஊற்றுங்கள். பக்கத்துக்குப் பத்துப் பைசா ஆவதை ஐந்து பைசா ஆக்கி என்ன கட்டப்போகிறோம்? ஹெட் போனால் ஆயிரக்கணக்கில் செலவு, வாரண்டி காலத்தில் சர்வீஸ் சென்டரும் கையை விரித்துவிடும். இரண்டு கம்பெனி மையை ஒரே தொட்டியில் கலப்பது இன்னும் மோசம்.

லேசரில் எனக்கு வேறு கருத்து. ஒரிஜினல் டோனர் விலை மிகவும் கூட. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் மற்ற ஊர்களின் கம்ப்யூட்டர் கடைகளிலும் டோனர் ரீஃபில் பல வருடங்களாக நடக்கிற தொழில். தூள் நிரப்பிக் கொடுப்பவர் கைராசிக்காரராக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். தூள் சிந்தினால் டோனரோடும் டிரம்மோடும் போகும், மெஷினுக்குப் பெரிய சேதம் வராது.

மாடலைத் தேர்ந்தெடுக்கும்போதே, கார்ட்ரிட்ஜ் ஒரிஜினலா என்று மெஷினுக்குச் சொல்லும் சிப் விஷயத்தைப் பார்க்க வேண்டும். எச்பியின் பல மாடல்களில் வெளிச் சிப் உள்ள கார்ட்ரிட்ஜைத் தடுக்கும் ஏற்பாடு உள்ளது. எச்பி பிளஸ் திட்டத்தில் சேர்ந்தால் ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ் மட்டும்தான், இன்டர்நெட் இணைப்பும் இருந்துகொண்டே இருக்க வேண்டும். மாடல் எண்ணின் கடைசியில் சின்ன ‘ஈ’ எழுத்து இருந்தால் அந்த வகை. முதல்முறை செட்டப் செய்யும்போது ‘சேர்கிறீர்களா?’ என்று கேட்கும். படிக்காமல் ஓகே கொடுத்துவிடாதீர்கள்.

ஸ்கேனரில் என்ன பார்க்க வேண்டும்?

டிபிஐ (ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி) எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆவணத்துக்கு 300 டிபிஐ போதும். அரசாங்க இணையதளங்களில் கோப்பு அளவுக்கு உச்சவரம்பு இருப்பதால், பல நேரம் 200-க்கு இறக்கி, கலரை எடுத்துவிட்டு அனுப்ப வேண்டியிருக்கும். மலிவு மெஷினில்கூட அதற்கு மேலேயே இருக்கிறது.

பார்க்க வேண்டியது கண்ணாடியின் நீளம். இந்த விலை மெஷின்கள் எல்லாவற்றிலும் கண்ணாடி ஏ4 அளவு, அதாவது 297 மில்லிமீட்டர். லீகல் தாள் 356 மில்லிமீட்டர். நம் ஊர்ப் பத்திரங்கள் ஸ்டாம்ப் பேப்பரில் இருக்கும், அவை ஏ4 கண்ணாடியில் அடங்காது. கீழே உள்ள கையெழுத்தும் சீலும் வெட்டுப்பட்டுவிடும். சொத்து ஆவணம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் உங்கள் வேலையில் வருமென்றால் மேலே தாள் செருகும் தட்டு உள்ள மாடல் வேண்டும், அதாவது ஏடிஎஃப். அதில் பெரும்பாலும் லீகல் நீளம் போகும். வாங்கும் முன் அந்த மாடலில் லீகல் ஸ்கேன் உண்டா என்று ஸ்பெசிஃபிகேஷனில் சரிபாருங்கள்.

ஆனால் தாத்தா காலத்துப் பத்திரத்தை ஏடிஎஃபில் கொடுக்காதீர்கள். மடிப்பில் நைந்த தாளை உருளை இழுத்தால் இரண்டாகிவிடும். அதைக் கண்ணாடியில் வைத்து மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டாக எடுக்கலாம், இல்லையென்றால் போனில் எடுக்கலாம்.

மற்றபடி, ஏடிஎஃப் உள்ள மெஷின் மூன்று நாலாயிரமாவது கூட. ஒரு தடவையில் பத்து இருபது பக்கம் ஸ்கேன் செய்யும் வேலை உள்ளவருக்கு அந்தப் பணம் தகும். ஒவ்வொரு பக்கமாக மூடியைத் திறந்து மூடி ஐம்பது பக்க பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தவர்களைக் கேளுங்கள். மாதம் நாலு பக்கம் ஸ்கேன் செய்பவருக்கு வேண்டாம்.

ஆதார் கார்டு ஜெராக்ஸ் அடிக்கடி எடுப்பீர்கள் என்றால் ‘ஐடி காப்பி’ பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தாளில் வரும்.

இரண்டு பக்கமும் தானாக அச்சடிக்கும் டூப்ளெக்ஸ் அவசியமா?

மாதம் இருநூறு பக்கத்துக்கு மேல் என்றால் ஆம், தாள் செலவு பாதியாகும். எப்சன் எல்3250 போன்ற ஆரம்ப மாடல்களில் இது இல்லை. ஒரு பக்கம் அடித்துவிட்டு, கட்டைத் திருப்பி நாமே வைக்க வேண்டும். ஐந்து தாளுக்குப் பரவாயில்லை, ஐம்பது தாளில் ஒன்று சேர்ந்து இழுபட்டால் பின்னால் வருவதெல்லாம் மாறிப்போகும். லேசரில் இந்த வசதி குறைந்த விலையிலேயே கிடைக்கிறது, மேலே சொன்ன எல்2520டியில் உண்டு.

வைஃபை வேண்டுமா, யூஎஸ்பி போதுமா?

ஒரே கம்ப்யூட்டர், பக்கத்திலேயே பிரிண்டர் என்றால் யூஎஸ்பி போதும். தொல்லையும் இல்லை. எப்சனில் எல்3210க்கும் எல்3250க்கும் பெரிய வித்தியாசமே வைஃபைதான். ஆனால் இன்று பாதி பிரிண்ட் போனிலிருந்து, வாட்ஸப்பில் வந்த பிடிஎஃபிலிருந்து எடுக்கிறோம். அதனால் ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கொடுத்து வைஃபை வாங்குங்கள்.

வாங்கிய அன்று இணைய மறுத்தால் மெஷினைத் திருப்பி அனுப்பும் முன் ரூட்டரைப் பாருங்கள். இந்த விலைப் பிரிண்டர்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் மட்டுமே பேசும். ரூட்டர் 2.4-ஐயும் 5-ஐயும் ஒரே பெயரில் காட்டினால் செட்டப் குழம்பும். ஃபைபர் கனெக்ஷன் கொடுத்தவரிடம் சொல்லி இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கரண்ட் அடிக்கடி போகிறது. யுபிஎஸ்ஸில் போடலாமா?

டேங்க் பிரிண்டரைப் போடலாம், ஓடும்போதே பத்திருபது வாட்தான் இழுக்கும். லேசரைப் போடவே கூடாது. தூளைத் தாளில் ஒட்டவைக்க உள்ளே ஒரு உருளை 200 டிகிரியை ஒட்டிச் சூடாகும். அப்போது பல நூறு வாட் இழுக்கும், ஆயிரத்தைத் தொடும் மாடல்களும் உண்டு. கம்ப்யூட்டருக்கு வைக்கும் 600 விஏ யுபிஎஸ் 360 வாட்தான் தாங்கும். கம்ப்யூட்டர், பிரிண்டர் இரண்டும் சேர்ந்து அணையும், யுபிஎஸ்ஸும் கெடலாம். லேசரை நேரடியாகச் சுவரில் செருகுங்கள், நீட்டிப்புப் பெட்டியிலும் வேண்டாம். பகலில் மணிக்கணக்கில் கரண்ட் போகும் ஊரில் இருப்பவர், இன்வெர்டரிலும் ஓட வேண்டுமென்றால், டேங்க் பக்கம் சாய இதுவே ஒரு காரணம்.

எந்தப் பேப்பர்?

75 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் எண்) ஏ4. 70 சற்று மலிவு, கருப்பு எழுத்துக்கு ஒரு பக்கம் அடிக்கப் போதும். டேங்க் மையில் இரண்டு பக்கமும் அடித்தால் 70-இல் பின்பக்கம் தெரியும். கரூர் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் டிஎன்பிஎல் ரீம்கள் கடைகளில் எளிதாகக் கிடைக்கும், வீட்டு வேலைக்குத் தாராளமாகப் போதும்.

பேப்பர் ஜாம் என்று வரும் புகாரில் பாதி மெஷின் கோளாறே இல்லை. மழைக்காலத்தில் திறந்து கிடக்கும் தாள் அப்பளம் மாதிரி நமத்துப்போகும். ஒன்றோடொன்று ஒட்டி இரண்டு மூன்றாக உள்ளே போகும். கட்டை முழுதாகப் பிரித்துத் தட்டில் அடுக்காதீர்கள். தேவைக்கு எடுத்துக்கொண்டு மீதியைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி அலமாரியில் வையுங்கள்.

ஆன்லைனில் பொருள் விற்கிறேன். கூரியர் லேபிள் அழியாமல் இருக்க?

இங்க்ஜெட் மையில் இரண்டு வகை: டை (கரைந்த சாயம்), பிக்மென்ட் (கரையாத நுண்துகள்). டை மையில் தண்ணீர் பட்டால் முகவரி கரைந்து ஓடும். பிக்மென்ட் ஓரளவு தாங்கும். கேனன் ஜி வரிசையின் கருப்பு, எச்பியின் ஜிடி53, பிரதரின் பிடிடி60 கருப்பு ஆகியவை பிக்மென்ட். எப்சனில் மாடலுக்கு மாடல் மாறும், கேட்டு வாங்க வேண்டும். லேசர் எழுத்து நனைந்தாலும் கரையாது.

பிக்மென்டோ டையோ, லேபிள் மேல் அகலமான செலோடேப்பை ஒட்டிவிடுங்கள். ஆனால் பார்கோடில் டேப் சுருங்கி மடிந்தால் ஸ்கேன் ஆகாது. தினம் இருபது முப்பது ஆர்டர் போகிற நிலைக்கு வந்துவிட்டால் மல்டிஃபங்ஷனை இந்த வேலையில் அடிக்காதீர்கள். மையே வேண்டாத தெர்மல் லேபிள் பிரிண்டர் தனியாக வாங்கிக்கொள்வதுதான் லாபம்.

போட்டோ நன்றாக வருமா?

டேங்கில் கிளாஸி பேப்பர் போட்டால் பாஸ்போர்ட் போட்டோ, ஆல்பம் அளவுக்கு நன்றாகவே வரும். லேசரில் வராது.

தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக அச்சாகிறது. பிரிண்டர் கோளாறா?

இல்லை, எழுத்துருக் கோளாறு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் கட்டமோ சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்தோதான் வரும். அனுப்புபவரிடம் பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள். பிடிஎஃப் திரையில் சரியாகத் தெரிந்து தாளில் மட்டும் கொம்பும் காலும் இடம் மாறினால், அக்ரோபேட்டில் பிரிண்ட் கொடுக்கும்போது அட்வான்ஸ்டு பகுதியில் ‘பிரிண்ட் ஆஸ் இமேஜ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கொஞ்சம் மெதுவாக வரும், எழுத்து சரியாக இருக்கும்.

பழைய எச்பி எம்1005 ஐயாயிரம் ஆறாயிரத்துக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

2006 வாக்கில் வந்த மெஷின். இன்றும் எத்தனையோ ஜெராக்ஸ் கடை, ஆடிட்டர் ஆபீஸ், பள்ளி அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. காரணம் எளிது: உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார், 12ஏ கார்ட்ரிட்ஜை மலிவாக ரீஃபில் செய்யலாம். வைஃபை இல்லை, தானாக இரண்டு பக்கம் அடிக்காது, ஏடிஎஃப் கிடையாது. யூஎஸ்பியில் ஒரே கம்ப்யூட்டர், கருப்பு எழுத்து, ஜெராக்ஸ் மட்டும் என்பவருக்கு இது இன்னும் நல்ல பேரம்தான்.

வாங்கும் இடத்திலேயே இருபது பக்கம் தொடர்ந்து அடித்துப் பாருங்கள். முதல் பக்கமும் இருபதாவது பக்கமும் ஒரே கருப்பாக இருக்க வேண்டும், விரலால் தேய்த்தால் தூள் வரக்கூடாது. வந்தால் சூடேற்றும் பகுதியில் கோளாறு. ஸ்கேனரின் கண்ணாடிக்கடியில் விளக்கு சீராக எரிகிறதா என்றும் பாருங்கள். உங்கள் லேப்டாப்பை எடுத்துப்போய் டிரைவர் போட்டு ஸ்கேன் எடுத்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பழைய டேங்க் பிரிண்டரைப் பற்றிக் கேட்டால், நான் வேண்டாம் என்பேன். ஹெட் எந்த நிலையில் இருக்கிறது, என்ன மை ஊற்றினார்கள் என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை.

கடையிலா, ஆன்லைனிலா? பில் எப்படி வாங்க வேண்டும்?

விலை ஆன்லைனில் குறைவு என்பது விற்பனை நாட்களுக்கு மட்டும்தான் பொருந்தும். மற்ற நாளில் உள்ளூர்க் கடைக்காரரிடம் பேசினால் ஐந்நூறு ரூபாய் முன்னே பின்னே வந்துவிடும், கோளாறு என்றால் ஓடிப்போய்க் கேட்க ஒரு ஆளும் இருப்பார். எங்கே வாங்கினாலும் கம்பெனி தளத்தில் சீரியல் நம்பரைப் பதிவு செய்யுங்கள். வாரண்டி பல மாடல்களில் ‘இத்தனை வருடம் அல்லது இத்தனை ஆயிரம் பக்கம், எது முன்னால் வருகிறதோ அது’ என்று இருக்கும். அந்தச் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் தொழில் பெயரிலும் ஜிஎஸ்டி எண்ணிலும் பில் வாங்குங்கள். பிரிண்டருக்கு வரி 18 சதவீதம், தொழிலுக்குப் பயன்படுத்தினால் அதை உள்ளீட்டு வரியாகக் காட்டி, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு இது கிடையாது. ஆன்லைனில் ஆர்டர் போடும்போதே எண்ணைக் கொடுக்க வேண்டும், பில் வந்த பிறகு மாற்றித் தரச் சொன்னால் பெரும்பாலும் நடக்காது.

வீடு மாறுகிறோம். டேங்க் பிரிண்டரை எப்படி எடுத்துப்போவது?

சாய்க்காமல். மூடிகளை இறுக்கி, மெஷினைப் பட்டனில் அணைத்து, பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு, வந்த பெட்டியிலேயே மட்டமாக வையுங்கள். பழைய எப்சன் மாடல்கள் சிலவற்றில் மை ஓட்டத்தை அடைக்கும் திருகு உண்டு, இருந்தால் அதைத் திருப்பிவிடுங்கள். லாரியில் பாத்திர மூட்டையோடு ஏற்ற விடாமல், காரில் சீட்டுக்குக் கீழே தரையில் வைத்து எடுத்துப்போவது உத்தமம். புது வீட்டில் வைத்ததும் சில மணி நேரம் அப்படியே விட்டு, பிறகு ஒரு நாசில் செக் எடுங்கள். கோடு விடுபட்டிருந்தால் ஒரே ஒரு கிளீனிங் கொடுத்துப் பாருங்கள். லேசராக இருந்தால் டோனரை வெளியே எடுத்துக் கருப்புக் கவரில் தனியாகச் சுற்றி எடுத்துப்போங்கள்.